பணயமாகப் போன சிறுவனும், பாதுகாவலரான கிழவரும்

இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படியுங்கள்.

'மாக்னா கார்ட்டா எந்த ஆண்டு?' என்று கேட்டால், என்னிடம் படித்த எல்லோரும் இன்றைக்கும் தூக்கத்தில்கூட 1215 என்று சொல்லிவிடுவீர்கள். இரண்டு மதிப்பெண் கேள்வி. ஜான் மன்னர், ரன்னிமீட் புல்வெளி, பிரபுக்களின் நெருக்கடி, சாசனம். அவ்வளவுதான் பாடம். ஆனால் பாடப்புத்தகம் சொல்லாமல் விடும் ஒரு செய்தி உண்டு. அந்தச் சாசனம் பிறந்து பத்தே வாரத்தில் செத்துப்போனது. ஜூன் 15-இல் ஒப்புக்கொண்ட சாசனத்தை, ஆகஸ்ட் 24-ஆம் தேதியிட்ட ஆணையால் போப் மூன்றாம் இன்னசென்ட் செல்லாது என்று அறிவித்தார். அதைக் கேட்டு வாங்கியதே ஜான்தான். நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டது.

செத்த சாசனம் பிறகு எப்படி உயிர் பெற்றது? அதற்கு உயிர் கொடுத்தவர் சட்ட அறிஞர் அல்லர், புரட்சிக்காரரும் அல்லர். மன்னர் பக்கம் நின்ற ஒரு கிழட்டுப் போர்வீரர். வயது ஏறக்குறைய எழுபது. பெயர் வில்லியம் மார்ஷல். இன்று அவர் கதைதான்.

வில்லியம் 1147 வாக்கில் பிறந்தவர். அப்பா ஜான் மார்ஷல், அரண்மனையில் மார்ஷல் என்ற பரம்பரைப் பதவி வகித்தவர். அரசரின் குதிரைகள், லாயம், பயண ஏற்பாடுகள் எல்லாம் அந்தப் பதவியின் பொறுப்பு. நாளடைவில் பதவிப் பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. நம் பக்கம் கணக்குப்பிள்ளை வீடு, மணியக்காரர் வீடு என்று சொல்வது போலத்தான்.

அப்போது இங்கிலாந்தில் ஸ்டீபன் மன்னருக்கும் மட்டில்டாவுக்கும் அரியணைச் சண்டை. ஜான் மார்ஷல் மட்டில்டா பக்கம். 1152-இல் நியூபரியில் இருந்த அவருடைய கோட்டையை ஸ்டீபன் முற்றுகையிட்டார். கோட்டையை ஒப்படைப்பது பற்றி யோசிக்கத் தவணை கேட்டார் ஜான். 'சரி, வாக்கு மாறாமல் இருக்கப் பணயம் கொடு' என்றார் மன்னர். ஜான் கொடுத்த பணயம் தன் சின்ன மகன் வில்லியம். பையனுக்கு ஐந்து வயது இருக்கலாம்.

தவணை கிடைத்ததும் அப்பா செய்த காரியம் என்ன தெரியுமா? கோட்டைக்குள் உணவையும் ஆட்களையும் நிரப்பிக்கொண்டார். வாக்கு மீறினால் பிள்ளையைத் தூக்கில் போடுவோம் என்று மன்னரின் ஆட்கள் மிரட்டினார்கள். இன்னும் நல்ல பிள்ளைகளைப் பெற்றுக்கொள்ள எனக்கு வலு இருக்கிறது என்ற பொருளில் அந்த மனிதர் பதில் அனுப்பினாராம்.

பையனைத் தூக்குமரத்துக்குக் கொண்டு போனார்கள். அவனுக்கு நடப்பது எதுவும் புரியவில்லை. வழியில் ஒரு வீரன் கையில் இருந்த ஈட்டியைப் பார்த்து, எனக்குத் தா, விளையாட வேண்டும் என்று கேட்டானாம். ஸ்டீபன் மனம் இளகிவிட்டது. கல்லெறியும் கவண்பொறியில் வைத்து வீசலாம் என்றுகூட யோசனை சொன்னார்கள், மன்னர் மறுத்துவிட்டார். பிறகு ஒரு நாள் மன்னரின் கூடாரத்தில், செடித் தண்டுகளைப் போர்வீரர்களாக வைத்து மன்னரும் அந்தச் சிறுவனும் எதிரெதிரே உட்கார்ந்து விளையாடியதாகவும் சொல்வார்கள். பெற்ற அப்பா கைவிட்ட பிள்ளையை எதிரி காப்பாற்றினார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கதைகள் எங்கிருந்து கிடைக்கின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வில்லியம் இறந்த சில ஆண்டுகளில் அவருடைய மூத்த மகனின் ஆதரவில், பழைய பிரெஞ்சு மொழியில், 19,000 வரிகளுக்கு மேல் ஒரு வாழ்க்கை வரலாற்றுப் பாட்டு எழுதப்பட்டது. பல நூற்றாண்டுகள் அது யார் கண்ணிலும் படவில்லை. 1861-இல் லண்டனில் ஓர் ஏலத்தில் பால் மேயர் என்ற பிரெஞ்சு அறிஞர் அந்தச் சுவடியைப் பார்த்தார். வேறொருவர் ஏலத்தில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். மேயர் விடவில்லை. இருபது ஆண்டு தேடி, 1881-இல் மறுபடி கண்டுபிடித்துப் படித்தார். ஆராய்ச்சி என்றால் அது. ஆனால் ஒன்று. குடும்பத்தார் எழுதவைத்த நூல் குடும்பத் தலைவரை உயர்த்தித்தான் பேசும். அரசு ஆவணங்களோடும் மற்றவர் குறிப்புகளோடும் ஒப்பிட்டுத்தான் நம்ப வேண்டும். மெய்க்கீர்த்தியை வைத்து மட்டும் ஒரு சோழ மன்னரை எடை போடக்கூடாது என்று வகுப்பில் சொல்வேனே, அதே விதிதான் இங்கும்.

வில்லியம் மூத்த பிள்ளை இல்லை. ஆகவே சொத்து கிடையாது. பதின்ம வயதில் நார்மண்டியில் டாங்கர்வில் பிரபுவான உறவினர் வீட்டுக்குத் தொழில் பழக அனுப்பினார்கள். தொழில் என்றால் போர்த்தொழில். 1166 வாக்கில் நைட் என்னும் குதிரைவீரர் பட்டம் கிடைத்தது. முதல் சண்டையிலேயே நன்றாகப் போரிட்டார். ஆனால் குதிரை செத்துப்போனது. எதிரியின் குதிரை, சேணம் எதையும் கைப்பற்றவும் இல்லை. மற்றவர்கள் கேலி செய்தார்கள். பட்டம் பெற்றபோது கொடுத்த மேலங்கியை விற்று ஒரு சுமைக்குதிரை வாங்கும் நிலை. வீரம் மட்டும் சோறு போடாது என்பது அப்போதே அவருக்குப் புரிந்துவிட்டது.

1168-இல் தாய்மாமன் சால்ஸ்பரி பிரபுவோடு, இரண்டாம் ஹென்றியின் மனைவி எலினார் ராணிக்குத் துணையாகப் போனபோது, லூசிஞான் குடும்பத்தார் மறைந்திருந்து தாக்கினார்கள். மாமன் கொல்லப்பட்டார். வில்லியம் தொடையில் ஈட்டிக் காயத்தோடு சிறைப்பட்டார். மீட்புப் பணம் கொடுத்து விடுவித்தவர் எலினார் ராணி. அதுதான் திருப்புமுனை. 1170-இல் ராணியின் மகன் இளைய ஹென்றிக்கு, தந்தை உயிரோடு இருக்கும்போதே முடிசூட்டினார்கள். அந்த இளவரசருக்குப் போர்ப்பயிற்சி ஆசானாக வில்லியம் அமர்ந்தார்.

அடுத்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வட பிரான்சின் போட்டிக் களங்கள்தான். சினிமாவில் வருவது போல இரண்டு பேர் எதிரெதிரே ஈட்டியோடு பாய்வது அல்ல அன்றைய போட்டி. வயல், தோப்பு, ஊர் என்று மைல் கணக்கில் பரந்த களத்தில், நூற்றுக்கணக்கான குதிரைவீரர்கள் இரண்டு அணியாக மோதுவார்கள். எதிராளியைக் கொல்வது நோக்கம் இல்லை. பிடிப்பது. பிடிபட்டவன் குதிரையையும் கவசத்தையும் தர வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும். வில்லியம் ரோஜர் என்ற வீரரோடு கூட்டு வியாபாரம் மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொண்டு பத்து மாதத்தில் 103 வீரர்களைப் பிடித்தார் என்று அந்த நூல் கணக்குச் சொல்கிறது. ஒருமுறை பரிசளிக்க அவரைத் தேடினால் ஆளைக் காணோம். கடைசியில் ஒரு கொல்லன் பட்டறையில் இருந்தார். அடிபட்டு நசுங்கிய தலைக்கவசம் கழலவில்லை. பட்டடைக்கல்லில் தலையை வைத்துக்கொண்டிருக்க, கொல்லன் சுத்தியும் குறடுமாக அதைக் கழற்றிக்கொண்டிருந்தானாம்!

1183-இல் இளைய ஹென்றி தந்தைக்கு எதிராகக் கலகம் செய்துகொண்டிருந்தபோதே சீதபேதி கண்டு இறந்தார். சிலுவைப் பயணம் போவதாகச் செய்திருந்த நேர்த்தியை எனக்காக நீ நிறைவேற்று என்று வில்லியத்திடம் கேட்டுக்கொண்டார். வில்லியம் புனித நாட்டுக்குப் போய் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டு வந்தார். செத்தவருக்குக் கொடுத்த வாக்கு. கேட்க ஆள் இல்லை, ஆனாலும் போனார்.

திரும்பி வந்து இரண்டாம் ஹென்றியிடம் சேர்ந்தார். 1189-இல் அந்த மன்னருக்கு எதிராக அடுத்த மகன் ரிச்சர்ட் எழுந்தார். நோயாளி மன்னர் லமான் நகரை விட்டு ஓட, ரிச்சர்ட் விரட்டிக்கொண்டு வந்தார். பின்னால் காவலாக நின்ற வில்லியம் ஈட்டியை ஓங்கினார். ரிச்சர்டிடம் முழுக் கவசம் இல்லை. கடைசி நொடியில் ஈட்டியைத் திருப்பி அவருடைய குதிரையை மட்டும் குத்திக் கொன்றார். துரத்தல் நின்றது. சில வாரங்களில் மன்னர் இறந்தார். ரிச்சர்ட் மன்னரானார். வில்லியத்தைக் கூப்பிட்டு, என்னைக் கொல்லப் பார்த்தாய் அல்லவா என்றார். கொல்ல நினைத்திருந்தால் கொன்றிருப்பேன், என் கைக்கு இன்னும் குறி தெரியும் என்ற பொருளில் வில்லியம் பதில் சொன்னாராம். தோற்ற தந்தையைக் கடைசிவரை விடாதவன் என்னையும் விடமாட்டான் என்று கணித்தார் ரிச்சர்ட். பெரிய வாரிசான இசபெல் டி கிளேரை மணமுடித்துக் கொடுத்தார். அதோடு வேல்ஸ் எல்லையிலும் அயர்லாந்தின் லென்ஸ்டரிலும் பெரும் நிலங்கள் வந்தன. நாற்பது வயதைத் தாண்டிய வீரர் ஒரே நாளில் பெரும் பிரபு. இசபெலுக்கோ பதினேழு வயதுதான். அந்தப் பெண்ணின் விருப்பத்தை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அன்றைய வாரிசுப் பெண்கள் மன்னர் கையில் இருந்த பரிசுப் பொருள்கள். ஆனால் இருவரும் சேர்ந்து முப்பது ஆண்டு வாழ்ந்தார்கள். ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள்.

1199-இல் ரிச்சர்ட் இறந்ததும் அவருடைய தம்பி ஜானை ஆதரித்தார் வில்லியம். பெம்புரோக் பிரபு என்ற பட்டம் அப்போது கிடைத்தது. இங்கேதான் கதை சிக்கலாகிறது. 1204-இல் ஜான் நார்மண்டியைப் பிரெஞ்சு மன்னர் பிலிப்பிடம் இழந்தார். வில்லியத்துக்கு அங்கேயும் நிலம் உண்டு. அதை விட மனமில்லாமல் பிலிப்புக்கும் பணிவு உறுதி செய்துகொடுத்தார். பிறகு பிலிப்புக்கு எதிரான போருக்கு ஜான் அழைத்தபோது வர மறுத்துவிட்டார். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். விசுவாசத்தின் மறு உரு என்று அவரைப் பாடுபவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் தடுமாறுவார்கள். தடுமாறத்தான் வேண்டும்.

ஜானுக்குக் கோபம். பணயம் கேட்டார். வில்லியத்தின் மூத்த மகனையும், பிறகு இரண்டாம் மகனையும் மன்னரிடம் கொடுக்க வேண்டியதாயிற்று. ஐந்து வயதில் தான் நின்ற அதே இடத்தில் தன் பிள்ளைகளை நிறுத்த வேண்டி வந்தபோது அந்த மனிதர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! ஜானிடம் அகப்பட்டால் என்ன ஆகும் என்பதும் ஊரறிந்த செய்தி. 1210-இல் டி பிரவோஸ் என்ற பிரபுவின் மனைவியையும் மகனையும் சிறையில் பட்டினி போட்டே சாகவிட்டார் ஜான். அந்தக் குடும்பத்துக்கு முன்பு அயர்லாந்தில் அடைக்கலம் கொடுத்திருந்தவர் வில்லியம்தான். ஆனாலும் தன் அப்பாவைப் போல 'போனால் போகட்டும்' என்று அவர் சொல்லவில்லை. கலகமும் செய்யவில்லை. அயர்லாந்தில் ஒதுங்கியிருந்து, கில்கென்னி, நியூ ராஸ் ஊர்களை வளர்த்துக்கொண்டு, பொறுத்திருந்தார். பிள்ளைகள் பிழைத்தார்கள்.

1215 வருகிறது. வில்லியம் மன்னர் பக்கம். சாசனத்தின் முன்னுரையில், மன்னருக்கு ஆலோசனை சொன்ன பிரபுக்களில் முதல் பெயர் அவருடையது. மன்னரைக் கண்காணிக்க எதிர்த்தரப்பு நியமித்த 25 பேர் குழுவில் அவருடைய மூத்த மகன்! அப்பா ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம். எந்தப் பக்கம் வென்றாலும் குடும்பம் பிழைக்கும் என்ற கணக்கு என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் பணயமாக வைத்திருந்தவர் மீது அந்தப் பிள்ளைக்கு வேறு கோபமும் இருந்திருக்குமே.

போப் சாசனத்தை ரத்து செய்தார். கலகப் பிரபுக்கள் பிரெஞ்சு இளவரசர் லூயியை அரியணை ஏற அழைத்தார்கள். 1216 மே மாதம் லூயி படையோடு வந்து இறங்கினார். லண்டன் அவர் கையில். அக்டோபரில் ஜான் நோயால் இறந்தார். பாதி நாடு பறிபோயிருந்தது, கஜானாவில் பணம் இல்லை, வாரிசு ஒன்பது வயதுப் பையன் ஹென்றி.

அவசரமாகக் குளோஸ்டரில் முடிசூட்டினார்கள். முறையான கிரீடம்கூடக் கிடைக்காமல் ஒரு வளையத்தை வைத்துச் சமாளித்தார்கள். காப்பாளராக யார் இருப்பது என்ற கேள்வி வந்தது. எல்லோரும் வில்லியத்தைப் பார்த்தார்கள். வயதாகிவிட்டது என்று தயங்கினார். கஜானா காலி, இதில் இறங்கினால் கைப்பொருளும் போகும் என்று நெருங்கிய தோழர் ஜான் ஆஃப் எர்லியும் எச்சரித்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார். எல்லோரும் கைவிட்டாலும் இந்தப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போவேன், பிச்சை எடுத்தாலும் விடமாட்டேன் என்ற பொருளில் பேசினாராம். அன்று நியூபரியில் ஒரு மன்னர் கையில் உயிர் பிழைத்த சிறுவன், அறுபத்து நான்கு ஆண்டு கழித்து ஒரு சிறுவன்-மன்னருக்குக் கை கொடுக்கிறான்.

இப்போது முக்கியமான இடம். 1216 நவம்பர் 12 அன்று, பிரிஸ்டலில், ஜான் ரத்து செய்யவைத்த அதே சாசனத்தைத் திருத்தி மறுபடி வெளியிட்டார்கள். பையனிடம் முத்திரை இல்லை. ஆகவே வில்லியமும் போப்பின் தூதர் குவாலாவும் தங்கள் முத்திரைகளைப் பதித்தார்கள். 25 பேர் குழு போன்ற சில பகுதிகள் நீக்கப்பட்டன. ஆனால் சட்டப்படியான தீர்ப்பு இல்லாமல் சுதந்திர மனிதன் எவனையும் சிறைப்படுத்தக்கூடாது என்ற பகுதி நின்றது.

ஏன் செய்தார்? கொள்கைப் பிடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். அது போர்த்தந்திரம். 'எதற்காகக் கலகம் செய்தீர்களோ, அதை நாங்களே தருகிறோம். பிறகு ஏன் அந்நியன் பின்னால் போகிறீர்கள்?' என்று கேட்பதற்குச் சமம். பலித்தது. ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். 1217 மார்ச்சில் அவருடைய சொந்த மகனும் திரும்பி வந்தான். ஆனால் தந்திரமாகக் கொடுத்த உரிமையும், கொடுத்தபின் உரிமைதான். எதிரிகள் மன்னரை மடக்கி வாங்கிய காகிதமாக இருந்தது, மன்னர் தரப்பே விரும்பித் தந்த வாக்காக மாறிவிட்டது.

1217 மே 20, லிங்கன் நகரம். நகரம் எதிரியிடம்; கோட்டையை மட்டும் நிக்கோலா டி லா ஹே என்ற வயதான பெண்மணி விடாமல் காத்துக்கொண்டிருந்தார். லூயி அப்போது டோவர் கோட்டை முற்றுகையில். எதிரிப்படை இரண்டாகப் பிரிந்திருப்பதைக் கண்ட வில்லியம், சுமார் 400 குதிரைவீரர்களும் 300-க்கு மேற்பட்ட குறுக்குவில் வீரர்களுமாகப் பாய்ந்தார். எழுபது வயதில் முன்னணியில் அவரே. ஆவேசத்தில் தலைக்கவசம் அணிய மறந்து கிளம்பிவிட்டார். உதவியாளப் பையன் கூப்பிட்டு நினைவூட்ட வேண்டியிருந்தது. தெருத்தெருவாகச் சண்டை நடந்து, பிரெஞ்சுத் தளபதி பெர்ஷ் பிரபு விழுந்தார். அவரும் வில்லியத்துக்கு உறவினர்தான்.

வெற்றி. ஆனால் பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். எதிரிக்கு இடம் கொடுத்த ஊர் என்று லிங்கனைச் சூறையாடினார்கள். தேவாலயங்களும் தப்பவில்லை. பிள்ளைகளோடு படகில் ஏறித் தப்ப முயன்ற பெண்கள் ஆற்றில் மூழ்கி இறந்தார்கள். ஜெயித்தவர்கள் அதற்கு 'லிங்கன் சந்தை' என்று கேலிப் பெயர் வைத்தார்கள். ஒரு சிறுவனைக் காத்த போரில் எத்தனை சிறுவர்கள் போனார்கள் என்பதை எந்தக் காவியமும் எண்ணிச் சொல்லவில்லை.

ஆகஸ்டில் சாண்ட்விச் அருகே கடற்போரிலும் பிரெஞ்சுத் தரப்பு தோற்றது. செப்டம்பரில் சமாதானம். லூயிக்கு 10,000 மார்க் பணம் கொடுத்து மரியாதையாக அனுப்பிவைத்தார் வில்லியம். சிறைபிடித்திருக்க வேண்டும் என்று குறை சொன்னவர்கள் உண்டு. அவருக்கோ போரை நீட்டுவதைவிட முடிப்பது முக்கியம். நவம்பரில் சாசனம் மறுபடி வெளியானது, கூடவே காட்டு உரிமைகளுக்குத் தனியாக ஒரு சாசனமும்.

1219 வசந்தத்தில் படுத்துவிட்டார். தேம்ஸ் கரையில் உள்ள தம் காவர்ஷாம் மாளிகைக்குக் கொண்டு போகச் சொன்னார். இளம் மன்னரைத் தம் மகனிடமோ வேறொரு பிரபுவிடமோ ஒப்படைக்கவில்லை. யாரிடம் கொடுத்தாலும் மற்றவர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று, போப்பின் தூதரிடம் ஒப்படைத்தார். நினைத்திருந்தால் அதிகாரத்தைக் குடும்பச் சொத்தாக்கியிருக்கலாம்.

சாகும் தறுவாயில், பிறரிடம் பறித்ததை எல்லாம் திருப்பிக் கொடுத்தால்தான் மோட்சம் என்று மதகுருமார் சொல்வதாக ஒருவர் சொன்னார். ஐந்நூறு வீரர்களைப் பிடித்திருக்கிறேன், அத்தனையும் திருப்பிக் கொடுக்க முடியாது, அதற்காக மோட்சம் இல்லை என்றால் நான் என்ன செய்ய என்றாராம். தம் ஆட்களுக்காக வைத்திருந்த புத்தாடைகளை விற்று ஆன்மாவுக்காகத் தானம் செய்யலாமே என்று ஒரு குருவானவர் சொன்னதற்குக் கடும் கோபம். அவை என் வீரர்களுக்கு, வழக்கம்போலக் கொடுங்கள், போதாவிட்டால் லண்டனில் இருந்து வாங்கி வாருங்கள் என்று உத்தரவிட்டார். ஒரு நாள் பாட வேண்டும் போல ஆசை வந்தது; மகள்களைக் கூப்பிட்டுப் பாடச் சொன்னார். கூச்சத்தோடு பாடிய மகளுக்கு எப்படிப் பாட வேண்டும் என்று படுத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தார். 1219 மே 14 அன்று உயிர் பிரிந்தது. லண்டன் டெம்பிள் தேவாலயத்தில் அடக்கம் செய்தார்கள். அங்குள்ள கற்சிலை 1941 குண்டுவீச்சில் சேதமடைந்தும் இன்னும் கிடக்கிறது. லண்டனில் இருக்கும் மாணவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

ஐந்து மகன்களும் ஒருவர்பின் ஒருவராகப் பிரபுப் பட்டம் ஏற்று, சட்டப்படியான வாரிசு இல்லாமல் இறந்தார்கள். ஒரு மகன் இறந்தது, அப்பாவை வாழவைத்த அதே போட்டிக் களத்தில். 1245-இல் ஆண் வழி முடிந்தது. அயர்லாந்தில் அவர் நிலம் பறித்துக்கொண்ட ஓர் ஆயரின் சாபம் என்று பேசிக்கொண்டார்கள். சாபமோ இல்லையோ, அவர் பறித்ததும் உண்மை, அந்த ஆயர் கடைசிவரை மன்னிக்காததும் உண்மை. நிலமெல்லாம் மகள்கள் வழியில் பிரிந்தது. சாசனம் மட்டும் நிலைத்தது. 1225-இல் அந்தச் சிறுவன், வளர்ந்து, தன் பெயரிலேயே அதை வெளியிட்டார்.

வில்லியம் மார்ஷலை மகான் என்று நான் சொல்லவில்லை. பணம் சேர்த்தார், நிலம் சேர்த்தார், சமயத்தில் இரண்டு பக்கமும் பேசினார். ஆனால் அதிகாரத்தில் இருப்பவர் வலுவாக இருக்கும்போது விசுவாசம் காட்டுவது எளிது. வீழும் மன்னரிடமும், செத்த இளவரசரிடமும், ஒன்றும் தர முடியாத ஒன்பது வயதுப் பிள்ளையிடமும் வாக்கு மாறாமல் நின்றாரே, அதுதான் அவருடைய கணக்கில் மிஞ்சுவது.

உங்களுக்கு ஒரு கேள்வி. ஜான் போன்ற கொடிய மன்னரிடம் விசுவாசமாக இருந்தது சரியா? அல்லது எதிர்த்து நின்ற மகன் செய்ததுதான் சரியா? இரண்டு பக்கமும் யோசித்துவிட்டுக் கீழே எழுதுங்கள். வீட்டில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் கேட்டு எழுதுங்கள். இதற்கு விடைத்தாள் திருத்தப் போவதில்லை. ஒவ்வொன்றையும் ஆசையோடு படிப்பேன்.

அனைவரும் நலமாக இருங்கள்.